லெஃப்ட் கார்னர்

சம்பா அறுத்து அரிதாள் காய்ந்து கிடக்கும் தை மாதத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை போகிற சாலை நெடுக ஃபிளெக்ஸ் தட்டிகள் முளைக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே தலைப்பு: மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி. கீழே பரிசு விவரம், பரிசு கொடுப்பவர்களின் படம், விழாக்குழு இளைஞர்களின் முகங்கள். ஆடப்போகிறவர்களின் படம் ஒன்றிலும் இல்லை. யார் ஆடப்போகிறார்கள் என்பது அன்று ராத்திரி எடைமேடையில் ஏறி இறங்கும்வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

நான் போயிருந்த ஊரில் களம் போட்டிருந்தது கோயிலுக்குப் பின்னால் உள்ள திடலில். இந்தப் பக்கம் களிமண் பூமி. ஈரத்தில் கால் புதையும்; காய்ந்தால் இறுகி வெடித்து முழங்காலைக் கிழிக்கும். அதனால் முன்கூட்டியே தண்ணீர் விட்டுக் கொத்தி, கட்டி உடைத்து, மணல் பரப்பி, மேலே மரத்தூள் தூவியிருந்தார்கள். நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ரைடர் கடந்தே ஆகவேண்டிய கோடு. அதற்கு ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. டேப் பிடித்து அளந்தவர் ஒரு பள்ளியின் பி.டி. மாஸ்டர் போல இருந்தது. கோடு ஒரு விரல் கோணியதற்காகச் சுண்ணாம்பைக் காலால் அழித்துவிட்டு மறுபடி போட்டார். நாலு மூலையிலும் சவுக்குக் கம்பத்தில் எல்.இ.டி. விளக்கு. ஜெனரேட்டர் சத்தத்தை மீறி மைக்செட்.

போட்டி 65 கிலோ பிரிவு. எடைமேடையைச் சுற்றித்தான் முதல் கூட்டம். முந்நூறு கிராம் கூடிப்போன ஒருவன் இரண்டு சட்டைக்கு மேல் ஜெர்கின் மாட்டிக்கொண்டு திடலைச் சுற்றி ஓடினான். இன்னொருவன் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று அவன் ஊர்க்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். எழுபது கிலோ உடம்பை அறுபத்தைந்துக்கு இறக்கி, எடை பார்த்தபின் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுத்து மீட்டுக் களத்தில் விட்டால் எதிரணிக்கு அது பெரிய சுமை. பல அணிகள் அப்படித்தான் செய்கின்றன. அந்த வரிசையில் ஒல்லியாக ஒரு பையன் ஏறினான். மேடையில் 57 காட்டியது. எழுதிக்கொண்டவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அடுத்தவனைக் கூப்பிட்டார்.

முன்வரிசையில் துண்டு விரித்த பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. அவற்றில் ஒன்றில் உட்காரச் சொல்லி விழாக்குழுவினர் ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்தார்கள். அறுபதுக்கு மேல் இருக்கும். அரைக்கைச் சட்டை, பேன்ட், வெள்ளை கேன்வாஸ் ஷூ. எல்லாரும் “மாஸ்டர்” என்றார்கள். அவர் கும்பிட்டு மறுத்துவிட்டு, களத்தின் ஒரு பக்கக் கடைக்கோட்டுக்குப் பின்னால், செங்கல் மேல் பலகை போட்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். கூட்டம் அந்தப் பக்கம் குறைவு. அங்கிருந்து பார்த்தால் ரைடரின் முகம் தெரியும், பிடிக்கிறவர்களின் முதுகும் குதிகாலும்தான் தெரியும். அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்கியே நின்றன. காலமெல்லாம் கணுக்கால் பிடித்த கை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து, ஏதோ ஒரு துறை அணிக்குப் பல வருடம் ஆடியவர் என்றும், ஓய்வுக்குப் பின் இப்படி ஊர் ஊராக ஆட்டம் பார்க்கிறவர் என்றும், அவர் போன் போட்டுச் சொன்னால் சென்னையில் நடக்கும் தேர்வு முகாமில் பையனை நிறுத்திப் பார்ப்பார்கள் என்றும் தெரிந்தது. நான் அவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். கபடியைவிட அவர் பார்ப்பதைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதல் ஆட்டத்திலேயே கூட்டத்துக்கு ஒரு நாயகன் கிடைத்துவிட்டான். மஞ்சள் ஜெர்சி, நல்ல உயரம், துள்ளலான ரைடர். ஒவ்வொரு முறை அவன் நடுக்கோட்டைத் தாண்டும்போதும் வர்ணனையாளர் அவன் பெயரை இழுத்துச் சொன்னார். நடுநடுவே அறிவிப்பு வேறு: இந்த ரைடில் ஒரு பாயின்ட் எடுத்தால் இன்னாரின் அன்பளிப்பு ஐநூறு ரூபாய். அடுத்த ரைடுக்கு ஆயிரம். பணம் வைத்தவர் களத்துக்குள்ளே வந்து கையில் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். ராத்திரி முழுக்க அப்படி எத்தனையோ அறிவிப்புகள் வந்தன. ஒன்றுகூடப் பிடிக்கு வரவில்லை. ஏழு பேர் கைகோத்து நின்று ஒருவனைச் சாய்க்கிறார்கள். யாருக்கு என்று கொடுப்பது? ரைடர் தனியாகப் போகிறான், தனியாக வருகிறான், தனியாகக் கண்ணில் படுகிறான். இந்தப் பழக்கம் ஊர்ப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பது என் திடமான எண்ணம். எட்டாம் வகுப்புப் பையன்கள்கூட ரைடராக வேண்டும் என்றுதான் நிற்கிறார்கள். பிடிக்கிற வரிசையின் கோடியான கார்னரில் நிற்க ஆள் தேட வேண்டியிருக்கிறது.

மாஸ்டர் மஞ்சள் ஜெர்சியைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார், மடியில் இருந்த நோட்டில் எதையோ குறித்தார். அவனுக்கு அவர் தேவையில்லை. அவனை எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் அந்த 57 கிலோ பையன் இறங்கினான். ஜெர்சி யாருடையதோ, தோளிலிருந்து நழுவியது. லெஃப்ட் கார்னரில் நின்றான். அது மாஸ்டர் உட்கார்ந்திருந்த பக்கம். அவனுடைய அணி முதல் பத்து நிமிடத்திலேயே பின்தங்கிவிட்டது. பக்கத்தில் கவர் இடத்தில் நின்றவன் அவசரக்காரன். ரைடர் கையை நீட்டினாலே பாய்ந்து போய் மாட்டிக்கொண்டான். ஒருமுறை அப்படிப் பாய்ந்ததில் கார்னரும் சேர்ந்து வெளியே போக நேர்ந்தது. வெளியே உட்காரும்போது இவன் அவனைத் திட்டவில்லை. தரையில் விரலால் ஒரு கோடு போட்டு, இன்னொரு கோடு போட்டு, ஏதோ காட்டினான். மாஸ்டரின் தலை களத்தை விட்டுத் திரும்பி, வெளியே உட்கார்ந்திருந்த அந்த இருவர் பக்கம் போனது. அங்கேயே நின்றது.

மறுபடி உள்ளே வந்ததும் நான் அந்தப் பையனின் காலையே பார்க்கத் தொடங்கினேன். மாஸ்டர் எதைப் பார்க்கிறார் என்று அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது. ரைடர் வலப்பக்கம் போகும்போது எல்லாருக்கும் கண் அங்கே போகிறது, உடம்பு தளர்கிறது, குதிகால் தரையில் படிகிறது. இவனுக்குப் படியவில்லை. ரைடரின் கையையோ காலையோ பார்க்காமல் இடுப்பையே பார்த்தான். கை ஏமாற்றும், கால் ஏமாற்றும். இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் போக முடியும். போனஸ் கோட்டில் கால் வைக்க வந்தவர்களை இரண்டு முறை விட்டுவிட்டான். கூட்டம் கத்தியது. அவன் அசையவில்லை. அணியில் மூன்று பேர் மட்டும் மிச்சம் இருந்தபோது, எதிரணி ரைடர் இலகுவாக உள்ளே வந்து, திரும்புவதற்காக எடையை ஒரு காலுக்கு மாற்றினான். அந்த ஒரு கணத்தில் கணுக்கால் இவன் கையில் இருந்தது. தன் எடையைவிட நிச்சயம் பத்துக் கிலோ கூடுதலான உடம்பு அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடுக்கோடு வரை போனது. மற்ற இருவரும் வந்து விழும்வரை விடவில்லை. மூன்று பேரோ அதற்குக் குறைவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு பாயின்ட். வர்ணனையாளர் அணியின் பெயரைச் சொன்னார். பையனின் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

அணி தோற்றது. ஒன்பது பாயின்ட் வித்தியாசம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பெரிய களங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். புரோ கபடி லீக் 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. முதல் ஏலத்தில் மிக அதிக விலை ராகேஷ் குமாருக்கு, 12.8 லட்சம் ரூபாய். 2018இல் விலை ஒரு கோடியைத் தொட்டது. அந்த ஏலத்தில் முதலில் தொட்டவர் ஈரானைச் சேர்ந்த ஃபஸல் அத்ராச்சலி. அவர் லெஃப்ட் கார்னர். பிடிக்கிறவனுக்கும் விலை உண்டு என்று அன்று தெரிந்தது. ஆனாலும் ஏலத்தின் பெருந்தொகைகள் பெரும்பாலும் ரைடர்களையும் ஆல்ரவுண்டர்களையும் தேடித்தான் போகின்றன. 2022இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அதுவரை லீக்கில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. 2022 அக்டோபரில் முதல் ஆட்டம். அந்த ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு பவன் வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை.

அந்த அணியைத் தூக்கிப் பிடித்தவர் நரேந்தர். ஹரியானாக்காரர். ஏல மேடையில் பெயர் கூவப்பட்டு வந்தவர் அல்ல. புதிய இளம் வீரர் என்ற பிரிவில், ஏலத்துக்கு வெளியே, அணி தானாகத் தேடி எடுத்துக்கொண்டவர். அவருக்கு அதுதான் முதல் பருவம். 243 ரைடு பாயின்ட் எடுத்தார். 2017இல் லீக்குக்குள் வந்ததிலிருந்து ஒருமுறைகூட அடுத்த சுற்றைப் பார்க்காத தலைவாஸ், அந்த ஆண்டுதான் அரையிறுதிக்குப் போனது. புனேரி பல்டனிடம் இரண்டே பாயின்டில் தோற்றது. நவீன் குமாரும் இதே வாசல் வழியாக 2018இல் டெல்லி அணிக்கு வந்தவர்தான். அடுத்த ஆண்டே லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். இந்த வாசல் இல்லாவிட்டால் இவர்கள் இன்னும் சில ஆண்டுகள் மாநிலப் போட்டிகளில் காத்திருந்திருப்பார்கள். அதற்குள் முழங்கால் போயிருக்கலாம், வேலை கிடைத்து ஆட்டமே போயிருக்கலாம்.

பனிக்கட்டி ஹாக்கியில் இந்தத் தேடல் நெடுங்காலமாக ஒரு தனித் தொழில். வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். லீக்கில் ஆண்டுக்கு ஒருமுறை அணிகள் வரிசையாக இளம் வீரர்களைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் அதில் ஒன்பது சுற்றுகள் இருந்தன. பதினெட்டு வயதில் உடம்பு முழுக்க வளர்ந்துவிட்ட பையன்கள் முதல் சுற்றில் போய்விடுவார்கள். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்காக ஐரோப்பாவில் ஆள் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹோகன் ஆண்டர்சன், ஸ்வீடன்காரர். ரஷ்யாவில் வேறு ஒரு வீரரைப் பார்க்கப் போன இடத்தில் எதிரணியில் ஆடிய ஒல்லிப் பையன் ஒருவன் அவர் கண்ணில் பட்டான். அந்தப் பையனை அதற்கு முந்தைய ஆண்டுகளில் எல்லா அணிகளும் கடந்து போயிருந்தன. 1998இல் ஆறாவது சுற்றில், 171ஆவது ஆளாக டெட்ராய்ட் அவனை எடுத்தது. பாவெல் தாட்சியூக். மறுவருடம் ஏழாவது சுற்றில் 210ஆவதாக ஹென்ரிக் சேட்டர்பெரி. 2008இல் டெட்ராய்ட் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அணியின் நடுநாயகமாக ஆடியவர்கள் இந்த இருவர். பல ஆண்டுகள் நியூயார்க் ரேஞ்சர்ஸின் கோலைக் காத்த ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 205ஆவது. நூற்றெழுபது, இருநூறு பேரை எடுத்து முடித்த பிறகு மிச்சம் இருந்தவர்கள் இவர்கள்.

அணிகள் இப்படிப்பட்டவர்களை ஏன் தவறவிடுகின்றன என்று பார்த்தால் காரணம் ஒன்றும் மர்மமில்லை. உடம்பு தாமதமாக வளர்ந்தவர்கள். பெரிய ஊர்களிலிருந்து தள்ளி ஆடியவர்கள். தோற்கிற அணியில் இருந்தவர்கள். கனடாவின் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி எண்பதுகளில் இன்னொன்றையும் காட்டினார். ஜனவரி ஒன்றை வயதுக்கணக்கின் எல்லையாக வைத்ததால், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்த பையன்கள் இளையோர் ஹாக்கியில் மிக அதிகமாக இருந்தார்கள். ஒரே வகுப்பில் பத்து மாதம் மூத்தவன் பெரியவனாகத் தெரிகிறான், அவனுக்குப் பயிற்சி கூடுதலாகக் கிடைக்கிறது, அவன் உண்மையிலேயே மேலே போய்விடுகிறான். டிசம்பரில் பிறந்தவன் வீட்டுக்குப் போகிறான். கபடியின் எடைப் பிரிவு இந்த அநீதியை ஓரளவு சரிசெய்ய வந்த ஏற்பாடு. அந்த எடைமேடையைச் சுற்றி ஜெர்கின் போட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால், அதையும் எப்படி வளைத்துவிட்டோம் என்று வருத்தமாக இருக்கிறது.

நம்மிடம் பெரிய அணிகள் வைத்திருக்கும் ஆட்களின் வலை இல்லை. இருப்பது மே மாதத்து விளையாட்டு விடுதித் தேர்வு, முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஆட்டங்கள், அப்புறம் மாஸ்டர் மாதிரி மனிதர்கள். கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் விடுதித் தேர்வு நடக்கும் காலையில் போய்ப் பார்த்தால், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்த பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஓட்டம், தாண்டுதல், கொஞ்ச நேர ஆட்டம். அந்தக் கொஞ்ச நேரத்தில் பந்து காலுக்கு வராமல் போனால், ரைடு முறை வராமல் போனால், அந்த வருடம் போயிற்று. தேர்வாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் அத்தனை பேரை ஒரு பகலில் பார்த்து முடிக்கச் சொன்னால் யாராலும் அவ்வளவுதான் முடியும். நாளைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். இந்த வழியும் பலன் தராமல் இல்லை. பக்கத்து மாவட்டமான அரியலூரில் பிறந்த கார்த்தி செல்வம், கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் பயின்று, 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியில் ஆடினார்.

கடலூருக்கும் ஒரு பெருமை உண்டு. பெண்கள் கால்பந்தில் இந்தியச் சட்டை போட்ட இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்த மாவட்டத்துப் பெண்கள். சந்தியா வளர்ந்தது கடலூரின் அரசு குழந்தைகள் இல்லத்தில். அங்கே யாரும் வீராங்கனை தேடிப் போவதில்லை. பயிற்சியாளர் மாரியப்பன் போனார். எந்த ஏலப் பட்டியலையும் விட எனக்கு அந்த ஒரு செயல் பெரியதாகத் தெரிகிறது.

திடலுக்கு வருகிறேன். இரண்டு மணிக்கு மேல் பனி இறங்கியது. முன்வரிசை நாற்காலிகள் பாதி காலி. தோற்ற அணிகள் வந்த வண்டிகளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பையனின் அணி போகவில்லை. அவர்களை ஏற்றிவந்த குட்டியானை வண்டிக்காரர் தூங்கிவிட்டிருந்தார். பையன்கள் பரோட்டா வாங்கித் தின்றார்கள், போனில் ஆட்டத்தின் வீடியோ பார்த்தார்கள். இவன் மட்டும் முழங்காலில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு, அரையிறுதி தொடங்கியதும் கடைக்கோட்டுக்குப் பின்னால் வந்து தரையில் குந்தினான். மாஸ்டருக்கு ஆறேழு அடி தள்ளி.

மஞ்சள் ஜெர்சி அணி ஆடிக்கொண்டிருந்தது. மைக்கில் ஆயிரம் ரூபாய், இரண்டாயிரம் ரூபாய். மாஸ்டர் களத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. கீழே குந்தியிருந்தவனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரைடர் உள்ளே வரும்போதெல்லாம் அவனுடைய இடது குதிகால் தரையிலிருந்து எழும்பியது. ரைடர் திரும்பும் பக்கத்துக்கு எதிராக அவன் தோள் ஒரு சிறு அளவு சாய்ந்தது. களத்தில் நின்ற கார்னர் அவசரப்பட்டுப் பாய்ந்தபோது இவன் விரல்கள் மண்ணைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றன. இரண்டு நொடி கழித்து, பாய்ந்திருக்க வேண்டிய நேரம் வந்தபோது, அவை தாமாகத் திறந்தன. யாரும் தன்னைப் பார்ப்பது அவனுக்குத் தெரியாது. அவனும் யாரையும் பார்க்கவில்லை.

மாஸ்டர் நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். இறுதி ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது.

“எந்த ஊரு தம்பி?”

அவன் சட்டென்று எழுந்து நின்றான். ஊரைச் சொன்னான். வீராணம் ஏரிக்கரையை ஒட்டி.

“படிக்கிறியா?”

“ஐ.டி.ஐ. சார். ஃபிட்டர். ரெண்டாம் வருஷம்.”

“கார்னர்ல உன்ன நிக்கச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல சார். அங்க யாரும் நிக்க மாட்டேன்னாங்க. அதான் நான் நின்னேன்.”

“ஒன் கவர் பையன் ரெண்டு மூணு வாட்டி கெடுத்தான். நீ ஒண்ணும் சொல்லலயே?”

“சொன்னேன் சார். அவன் புதுசு. போன மாசம்தான் வந்தான்.”

மாஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல்களை விரிக்கச் சொன்னார். பின்னால் திரும்பி நடக்கச் சொல்லிக் காலைப் பார்த்தார். “மேட்டுல ஆடியிருக்கியா?” என்றார். இல்லை என்று தலையாட்டினான். மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவனுக்கு மேட் விரிப்பில் ஷூ போட்டுக் கால் நிலைக்கச் சில வாரம் பிடிக்கும். நகம் பதியாது, வழுக்கும், பிடித்த இடத்தில் உடம்பு நிற்காது. எத்தனையோ ஊர் நாயகர்கள் முகாமின் முதல் நாளிலேயே அங்கே சறுக்கித் திரும்பியிருக்கிறார்கள். அதை அவர் அவனிடம் விளக்கமாகச் சொன்னார். எடையையும் சொன்னார்: அவசரப்பட்டு ஏற்றக்கூடாது, பொடி எதையும் வாங்கித் தின்னக்கூடாது, முட்டையும் கடலையும் கேழ்வரகும் போதும், இருபது வயதுக்குள் தானாக வரும். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதனைத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான். 2016இல் பாட்னா அணி கோப்பை வென்றபோது அதன் கேப்டன் அவர், அந்த ஆண்டே உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார், அப்போது அவருக்கு வயது 41 என்றார் மாஸ்டர். “கார்னர்க்காரனுக்கு ஆயுசு அதிகம். உடம்ப மட்டும் காப்பாத்திக்க.”

அதற்குள் குட்டியானைக்காரர் விழித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தார். பையனுக்குத் தாய்மாமன்.

“என்னங்கய்யா, எதாச்சும் தப்புத்தண்டா பண்ணிட்டானா?”

“இல்லீங்க. சென்னையில ஒரு செலக்‌ஷன் கேம்ப். அனுப்பி வைக்கிறீங்களான்னு கேக்கலாம்னுதான்.”

மாமாவுக்கு உடனே பேச்சு வரவில்லை. பையனை ஏற இறங்கப் பார்த்தார். “இவனயா?” என்றார். பிறகு, “செலவு எவ்வளவுங்க ஆகும்?”

“போக வர பஸ்ஸு, ஷூ ஒண்ணு. தங்கறதும் சாப்பாடும் அங்க.”

“எடுத்துக்குவாங்களா?”

“அது என் கையில இல்லீங்க. பாருங்கன்னு சொல்ல முடியும். மூணு நாளு வெச்சுப் பார்ப்பாங்க. இந்தத் தடவ இல்லன்னாலும், ஆளைத் தெரிஞ்சிக்குவாங்க. போலீஸ் டீமு, ரயில்வேன்னு அடுத்து நாலு இடம் இருக்கு.”

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் மாமாவின் முகம் மாறியது. புரோ கபடி அவருக்கு டி.வி.யில் வருவது. போலீஸ் வேலை, ரயில்வே வேலை அவருக்குத் தெரிந்தது. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஏரிக்கரை ஊர்களில் கபடி உயிரோடு இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். அதில் குறையாகப் பேச எதுவும் இல்லை. கார்னரில் பிடித்த பிடிக்கு ஒரு குடும்பத்தின் சாப்பாடு நிலைக்கிறது என்றால் அது நல்ல ஆட்டம்தான்.

“ஆதார், பர்த் சர்ட்டிபிகேட்டு, டென்த் மார்க்‌ஷீட்டு. மூணுலயும் பேரு, தேதி ஒண்ணா இருக்கணும். வயசுல ஒரு சின்ன சந்தேகம் வந்தாலும் வெளிய நிறுத்திடுவாங்க” என்றார் மாஸ்டர்.

பையன் மாமாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார்.

“மார்க்‌ஷீட்டுல இனிஷியல் மாறியிருக்கு சார்” என்றான் பையன். “அப்பா பேருக்குப் பதிலா தாத்தா பேரு எழுத்து விழுந்துருச்சு. திருத்தணும் திருத்தணும்னு இருந்தோம்.”

மைக்கில் இறுதி ஆட்டத்துக்கு அணிகளை அழைத்தார்கள். மஞ்சள் ஜெர்சிக்குக் கைதட்டல் எழுந்தது. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நோட்டை மறுபடி எடுத்து, பலகையில் உட்கார்ந்து, பையனின் பெயரையும் பள்ளியின் பெயரையும் கேட்டு எழுதினார்.

“அது ஸ்கூலு மூலமாத்தான் போவணும். ஹெச்.எம். லெட்டர் வேணும். கேம்புக்கு இன்னும் நாளு கெடக்கு. திங்கக்கெழம காலையில நான் காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துர்றேன். நீங்க பர்த் சர்ட்டிபிகேட்டு ஒரிஜினலோட வாங்க. ஜெராக்ஸ் ஒத்துக்க மாட்டாங்க.”

“ஒரிஜினல் அக்கா வீட்டுப் பெட்டியில இருக்குங்கய்யா” என்றார் மாமா. “எத்தன மணிக்கு வரணும்?”

“ஒம்போது. ஸ்கூல் பிரேயருக்கு முன்னாடி போயிடணும்.”